கீழ்த்தளத்தில் ஆறு பேர்

ஃபெரியில் வந்தாய்.
மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிறு கட்டிய ஐஸ் பெட்டி,
பெட்டிக்குள் உன் ஆஸ்கர்:
ஏழு வயது, ஒரு கண்ணில் புரை.
பட்டர்வொர்த்தில் அதன் தொட்டி
முந்தின நாளே விரிசல் விட்டதாம்.
கடலுக்கு மேலே
ஒரு வாளித் தண்ணீரில் கடல் கடந்த மீன்.

ஜெலுத்தோங் ஃபிளாட்டில் அன்று
லிஃப்ட் ஏழுக்கு மேல் வரவில்லை.
மீதி ஏழு மாடியும் சுமந்து ஏறி
வாசலில் மூச்சு வாங்க நின்று கேட்டாய்:
"ஒன்னோடது மூனடித் தொட்டிதானே,
எல்லாத்தையும் ஒன்னா விட்டா என்ன?"

உட்கார், சீலன்.
முதலில் தண்ணீர் குடி.
பிறகு என் ஆட்களைப் பார்.

ஆறு கெளுத்தி.
கட்டைவிரல் நீளம்கூட இல்லை ஒன்றும்.
மீசையால் மணலைத் தடவித் தடவி
என்னவோ தேடும் நாள் முழுக்க.
முதல் வருஷம் கூரான சரளை போட்டிருந்தேன்,
மீசைகள் தேய்ந்து போயின.
பிறகு மணல். ஒரு ஞாயிறு முழுவதும்
குளியலறையில் வாளி வாளியாய்க் கழுவினேன்,
கீழ்வீட்டு மக்சிக் வந்து கதவைத் தட்டும்வரை.

அதோ, ஒன்று மேலே பாய்கிறதே,
பயப்படாதே.
ஒரு வாய்க் காற்று எடுத்துக்கொண்டு
மறுபடி இறங்கிவிடும்.

தொடக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.
பூன் கியாட் காசை வாங்காமல் என்னைப் பார்த்தான்.
"ஒன்னா? காசியான் லா."
தனியாய் விட்டால் மூலையில் ஒதுங்கி நிற்குமாம்,
சாப்பிடாதாம்.
எனக்கு அது தெரிந்த சங்கதிதான்.
ஆறு வாங்கினேன்.

கூட யாரை விடுவது என்று
நான் கற்ற விதம் அழகானதல்ல.
புலிவரி பார்ப் விட்டேன்,
துடுப்புகளைக் கிழித்தது.
கண்ணாடிப் பாசியைத் தின்னும் என்று ஒன்றைத் தந்தார்கள்,
வளர்ந்ததும் அது பாசியை மறந்துவிட்டது,
இரவில் கெளுத்தியின் விலாவில் வாயை ஒட்டி
வழவழப்பை உறிஞ்சியது.
சாதுவாய்த்தான் இருந்தது அதன் முகம்.

இப்போது நடுத்தண்ணீரில் பன்னிரண்டு ரஸ்போரா,
நம் நாட்டு ஓடைகளில் பிறக்கும் சாதி,
தங்கள் கூட்டம் உண்டு தாங்கள் உண்டு.
மேலே ஒரு தேன்நிறக் குராமி,
என் நிழலுக்கே ஒளியும்.
பாம்பு மாதிரி ஒன்றும் இருக்கிறது மரவேருக்குள்,
நான் பார்த்து இரண்டு மாதம் ஆகிறது.

கீழே இருப்பவை மிச்சத்தைத் தின்று பிழைக்கும் என்பார்கள்.
பொய்.
மேலே இருப்பவர்கள் மிச்சம் வைப்பதே இல்லை.
விளக்கணைத்த பிறகு
அவற்றுக்கென்று தனியாய்ப் போட வேண்டும்,
மூழ்கும் உருண்டை, ஆளுக்கொன்று.

உன் ஆஸ்கர் கெட்டது என்று நான் சொல்லவில்லை.
உன் கையிலிருந்து வாங்கித் தின்னும்,
உன் குரல் கேட்டால் கண்ணாடிக்கு வரும், சரி.
ஆனால் வாய்க்குள் போகிற அளவில் எதைக் கண்டாலும்
அதற்கு அது சாப்பாடு.
கெளுத்தியும் சும்மா இருக்காது.
தொண்டைக்குள் முள்ளை விரித்துப் பூட்டிக்கொள்ளும்.
அதற்கப்புறம் விழுங்கியதும் பிழைக்காது,
விழுங்கப்பட்டதும் பிழைக்காது.
என் முதல் கல்யாணம் அந்த மாதிரி.
விவரம் இன்னொரு நாள்.

நீ ஒன்றும் பேசவில்லை.
குளியலறையின் நீலத் தோங்கில் அதை இறக்கிவிட்டு
காற்றுக் குழாயைப் போட்டுவிட்டு
மறுபடி பதினான்கு மாடி இறங்கிப் போனாய்.

நாலடித் தொட்டி கிடைக்க மூன்று நாள் ஆனது.
அதுவரை நான் குளிக்கும்போதெல்லாம்
ஒற்றைக் கண்ணால்
உன் மீன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது,
கண்ணியமாக.

இப்போது ஹாலில் எதிரெதிரே இரண்டு தொட்டி,
நடுவில் சோபா, துணி காயும் கம்பி, நாம்.
கரண்டு பில்லைப் பற்றி ஒரு சண்டை முடிந்தது,
இன்னொன்று பாக்கி.

இன்றிரவு நான் சொல்லாமலே விளக்கை அணைத்தாய்.
உருண்டைகளைப் போட்டுவிட்டுக்
கண்ணாடியில் நெற்றி முட்ட எண்ணுகிறாய்.
"அஞ்சுதான் இருக்கு," என்கிறாய், குரல் மாறி.

பொறு.
வேருக்குப் பின்னால் பார்.